சேலத்தில் யீரோஸ்: எதைப் பார்த்து வாங்குவது, எங்கே சறுக்குது, வீட்டுத் தோசைக்கல்லில் எப்படி?

வெள்ளிக்கொலுசு

நம்ம ஊர் ஷவர்மா கடை போர்டுகள்ல இப்போ யீரோஸ் (கம்பியில சுத்திச் சுட்ட கறியை ரொட்டியில சுருட்டுறது), சுவ்லாக்கி (குச்சியில குத்திச் சுட்ட கறி)ன்னு ரெண்டு வரி புதுசா சேர்ந்திருக்கு. கிரேக்கத் தெருக்கடைச் சாப்பாடு பத்தி விவரம் தெரிஞ்சவங்க இந்தக் குழுவுல இருக்கீங்க, அதனால நாலு கேள்வி. ஷவர்மாவுக்கும் இதுக்கும் பேர் மட்டும்தான் மாறுதா? கடை வாசல்ல நின்னு பார்த்தே நல்ல கடையான்னு எப்படிச் சொல்றது? பார்சல் வாங்கினா கால் மணி நேரத்துல ரொட்டி ஊறிக் கிழியுதே, ஏன்? கறி சாப்பிடாதவங்க எதை வாங்கலாம்? "செம டேஸ்ட், ட்ரை பண்ணுங்க" மாதிரிப் பதில் வேண்டாம். அளவோட, காரணத்தோட சொல்லுங்க.

தட்டுவடைசெட்

முதல் கேள்விக்குப் பதில்: பேர் மட்டும்தான்க்கா. கம்பியில கறியைக் குத்திச் சுத்த விட்டா ஷவர்மா. அதுக்குள்ள நாலு உருளைக்கிழங்கு ஃபிரையைச் செருகி அம்பது ரூபா ஏத்தினா யீரோஸ்.

கல்லும்கரண்டியும்

தம்பி, கம்பி ஒண்ணுதான், அதை மறுக்கல. நின்ன வாக்குல சுத்துற கம்பி, பக்கத்துல நெருப்பு. இது 19ஆம் நூற்றாண்டு ஒட்டோமான் துருக்கியில பரவின டோனர் கபாப் வழி. அரபு நாடுகள்ல அது ஷவர்மா ஆச்சு. 1922க்கு அப்புறம் சின்ன ஆசியாவுல (இப்போதைய துருக்கி) இருந்து கிரீஸுக்கு அகதிகளா வந்தவங்களோட சேர்ந்து அங்கயும் வேர் பிடிச்சது. லெபனான்ல இருந்து மெக்சிகோ போனவங்க கையில அது அல் பஸ்தோர். மூலம் ஒண்ணுங்கறதால பண்டமும் ஒண்ணுன்னு ஆயிடாது.

கிரீஸ்ல யீரோஸ்னா முதல்ல பன்றிக்கறி, அடுத்தது கோழி. மாடும் ஆடும் அரைச்சுக் கலந்த வழவழப்பான கூம்பு, சிகாகோவுல 1970கள்ல தொழிற்சாலைச் சரக்கா வளர்ந்தது. ஏதென்ஸ் தெருவுல தேடினா அது சாதாரணமா கிடைக்காது. மசாலாவுல ஒரிகனோ, பாப்ரிகா (காரம் குறைஞ்ச மிளகாய்த்தூள்), பூண்டு, மிளகு, புளிப்புக்கு வினிகர் அல்லது எலுமிச்சை, அவ்வளவுதான். பட்டை, ஏலக்காய் வாசம் தூக்கலா அடிச்சா, ஷவர்மாவுக்கு ஊறவெச்ச கறியையே யீரோஸ் ரொட்டியில சுருட்டித் தர்றாங்கன்னு அர்த்தம். நம்ம ஊர்ல நடக்குறது பெரும்பாலும் இதுதான். அந்த அளவுக்கு நீ சொன்னது சரி.

ஆனா நிஜமான பிரிவு ரொட்டியிலயும் தயிர்லயும் இருக்கு. கறி மூணாவதுதான்.

ஷவர்மா சுருட்டுற ரொட்டியான குபூஸுக்கு நடுவுல பை மாதிரி வாய் இருக்கும், ஏன்னா அது சூட்டுல உப்பி ரெண்டு ஏடாப் பிரியும். ஒவ்வொரு ஏடும் மெல்லிசு. ஈரமான சாஸ் பட்டா அஞ்சு நிமிஷம் தாங்காது. யீரோஸ் சுருட்டுற கிரேக்க ரொட்டியான பிட்டாவுக்கு வாயே கிடையாது. 5 மில்லிமீட்டர் கனம், ஒரே ஏடு, உள்ள பஞ்சு. முக்கால் பதம் வெந்து வர்ற பிட்டாவை, ஆர்டர் வந்ததும் ரெண்டு பக்கமும் எண்ணெய் தடவிக் கல்லுல போட்டுப் புள்ளி புள்ளியாச் சிவக்க வைப்பாங்க. அந்த எண்ணெய்தான் சாஸ் தண்ணி உள்ள இறங்காமத் தடுக்குது. குபூஸ்ல சுருட்டி யீரோஸ்னு குடுத்தா, மேல என்ன தூவினாலும் அது யீரோஸ் இல்ல.

தட்டுவடைசெட்

அப்போ நம்ம ஊர்ல பாதிப் பேர் விக்கிறது குபூஸ் யீரோஸ்.

மோர்_மிளகாய்

ரொட்டியைப் பற்றி அவர் சொல்லிவிட்டார். தயிரைப் பற்றி நான் எழுதுகிறேன். யீரோஸில் தடவுகிற தயிர்ச் சாஸான ட்சாட்சிகி என்பது வெள்ளரிப் பச்சடியின் இன்னொரு பெயர் என்று பல கடைக்காரர்கள் நினைக்கிறார்கள். பச்சடி தட்டில் ஓடலாம். ட்சாட்சிகி கரண்டியைக் கவிழ்த்தாலும் உடனே விழக்கூடாது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது தண்ணீர்தான், அது மூன்று வழியாக உள்ளே வருகிறது.

முதல் வழி தயிர். சாதாரண பாக்கெட் தயிரை நேராகக் கலக்கினால் அரை மணியில் ஓரத்தில் நீர் பிரியும். ஆவின் ஆரஞ்சு பாக்கெட் பால் (6 சதவீதம் கொழுப்பு) 2 லிட்டர் எடுத்து, பொங்கவிட்டு இறக்காமல், 85 டிகிரி அளவில் பத்து நிமிடம் அடுப்பிலேயே வையுங்கள். பாலில் உள்ள மோர்ப்புரதம் அந்தச் சூட்டில் விரிந்து தயிரோடு சேர்ந்து இறுகும், பிறகு நீர் குறைவாகப் பிரியும். 43 டிகிரிக்கு ஆறியதும் உறை ஊற்றுங்கள். உறைந்த தயிரை இரண்டு மடிப்பு மல் துணியில் கட்டி, குளிர்பெட்டிக்குள்ளேயே 8 மணி நேரம் தொங்கவிடுங்கள். ஏறக்குறைய பாதி எடை நீராக வடிந்துவிடும்.

சமையலறை ஆணியில் மாட்டி வைப்பது சேலத்து மார்கழிக்குச் சரிப்படும். சித்திரை வெயிலில் இரண்டு மூன்று மணி நேரத்திலேயே புளித்துவிடும். புளித்த தயிரில் பூண்டு சேர்ந்தால் நாக்கில் கசப்புத் தட்டும். அதை மறைக்கத்தான் சில கடைகளில் சர்க்கரை போடுகிறார்கள். இனிக்கிற ட்சாட்சிகி கையில் வந்தால் காரணம் இதுதான்.

இரண்டாவது வழி வெள்ளரி. 400 கிராம் வடிகட்டிய தயிருக்கு 250 கிராம் வெள்ளரி போதும். விதைப் பகுதியைக் கரண்டியால் வழித்து எறிந்துவிட்டு, பெரிய துளையில் துருவி, அரை டீஸ்பூன் உப்பு பிசறி 20 நிமிடம் விடுங்கள். பிறகு துணியில் போட்டு முறுக்கிப் பிழியுங்கள். கையால் பிழிந்தால் போதாது. துருவல் பாதியாகச் சுருங்கி, விரலில் எடுத்தால் உதிராமல் உருண்டையாக நிற்க வேண்டும். உப்பு ஏற்கெனவே ஏறியிருக்கும் என்பதால் கடைசியில்தான் ருசி பார்த்து உப்புச் சேர்க்க வேண்டும்.

மூன்றாவது, அவசரத்தில் வெட்டிப் போடுகிற தக்காளி. அது சாஸின் குற்றம் அல்ல, ஆனால் பழி சாஸ் மேல் விழுகிறது.

மற்ற அளவு: பூண்டு 2 பல், உப்போடு சேர்த்து நசுக்கியது. மலைப்பூண்டு என்றால் ஒன்றே போதும். ஆலிவ் எண்ணெய் 2 மேசைக்கரண்டி, வெள்ளை வினிகர் 2 டீஸ்பூன், பொடியாக நறுக்கிய சதகுப்பைக் கீரை ஒரு பிடி அல்லது புதினா. கலந்து ஒரு மணி நேரம் குளிரில் வைத்தால் பூண்டு அடங்கிப் பரவும். மறுநாள் பூண்டு ஏறிக்கொண்டே போகும். அதனால் இரண்டு நாளைக்கு என்று செய்கிறவர்கள் முதலில் அரைப் பல்லைக் குறைத்துக்கொள்ளுங்கள். மிக்சியில் மட்டும் அடிக்காதீர்கள், இறுகிய தயிர் ஒரே நிமிடத்தில் இளகிவிடும்.

வெள்ளிக்கொலுசு

அந்த வடிஞ்ச தண்ணி?

மோர்_மிளகாய்

கொட்டாதீர்கள். பிட்டா மாவு பிசைய தண்ணீருக்குப் பதில் அதையே ஊற்றலாம். ரொட்டி மிருதுவாக வரும், சீக்கிரம் சிவக்கும்.

லீபஜார்

சாமான் பக்கம் நான் சொல்றேங்க.

ஒரிகனோ: பீட்சா கூட வர்ற பொட்டலத்துல பாதி தண்டும் தூளும்தான். கிரேக்க ஒரிகனோ காய்ஞ்ச இலையா வரும், உள்ளங்கையில தேய்ச்சா மூக்குல ஏறணும். கிடைக்கலைன்னா ஓமவல்லி இலை போடலாமான்னு கேப்பாங்க. ரெண்டுலயும் கார்வக்ரால்ங்கற ஒரே எண்ணெய்ச் சத்து உண்டு, அதனால யோசனை தப்பில்ல. ஆனா ஓமவல்லி நீர்ச்சத்துள்ள தடிச்ச இலை. பச்சையா ஊறலுக்குள்ள போட்டா இருமல் கசாயம் வாசம்தான் வரும். நிழல்ல உலர்த்தி நொறுக்கி, ஒரிகனோ சொன்ன அளவுல மூணுல ஒரு பங்கு போடுங்க.

பாப்ரிகா: காஷ்மீர் மிளகாய்த்தூள் கிட்டக்க வரும், ஆனா காரம் கொஞ்சம் கூட. மூணு பங்கு பாப்ரிகா சொன்னா ரெண்டு பங்கு போதும். கறி செங்கல் நிறத்துல இருந்தா சரி. விரல்ல சிவப்பு ஒட்டி, கை கழுவியும் போகலைன்னா அது சாயமா இருக்கலாம். கபாப்ல செயற்கை நிறம் கூடாதுன்னு கர்நாடகத்துல 2024ல தனியா உத்தரவே போட்டாங்க.

ஃபெட்டா சீஸ்: ஐரோப்பியச் சட்டப்படி ஃபெட்டான்னு பேர் வைக்க கிரீஸ்ல, குறைஞ்சது 70 சதவீதம் செம்மறிப் பால்ல, மிச்சம் வெள்ளாட்டுப் பால்ல செஞ்சு ரெண்டு மாசமாவது உப்புத்தண்ணியில பழுத்திருக்கணும். நம்ம ஊர்ல கைக்கு எட்டுறது பெரும்பாலும் பசும்பால்ல செஞ்ச அந்த மாதிரிச் சரக்கு. தப்பில்ல, ஆனா அந்தக் காட்டம் வராது. சைவக்காரங்க கவனிக்க வேண்டியது: ஃபெட்டாவை வழக்கமா கன்னுக்குட்டி அல்லது ஆட்டுக்குட்டி வயித்துல எடுக்கிற ரென்னட் வெச்சுத்தான் உறைய வைப்பாங்க. டப்பாவுல பச்சைப் புள்ளி இருக்கான்னு பாருங்க.

ஆலிவ் எண்ணெய்: மேல ஊத்தவும் சாஸுக்கும் எக்ஸ்ட்ரா வர்ஜின். கல்லுல தடவ சூரியகாந்தி போதும். கடைக்காரர் எல்லாத்துக்கும் ஆலிவ் எண்ணெய்ன்னு சொன்னா நம்பாதீங்க, கணக்கு இடிக்கும்.

கல்லும்கரண்டியும்

இப்போ ரெண்டாவது கேள்வி. கடை வாசல்ல நின்னு பார்க்க வேண்டிய இடம் கம்பி.

தொடைக்கறியை விரிச்சு, ஒண்ணு மேல ஒண்ணா அழுத்திக் குத்தி, நடுநடுவுல தோலும் கொழுப்புமா வெச்சு அடுக்கணும். கொழுப்பு உருகிக் கீழே வழிஞ்சு கறியை நனைச்சுக்கிட்டே இருக்கும். வெறும் நெஞ்சுக்கறி அடுக்கினா மேல காய்ஞ்சு நாரா உதிரும். அதை மறைக்க மயோனைஸைக் கொட்டுவாங்க. அடுக்கு வழவழன்னு ஒரே உருளையா இருந்தா அரைச்ச கறி. ஓரம் கரடுமுரடா, படிப்படியாத் தெரிஞ்சா முழுக்கறி.

வெட்டுறப்போ பாருங்க. கத்தி மேலிருந்து கீழே வழிச்சு, 3 மில்லிமீட்டர் கனத்துக்கு மேல போகக்கூடாது. விழுற துண்டு ஒரு பக்கம் கருஞ்சிவப்பா முறுகி, மறுபக்கம் வெள்ளையா வெந்து ஈரம் மினுங்கணும். மறுபக்கம் ரோஸ் நிறம் தட்டினாலோ, ஜவ்வு மாதிரி கண்ணாடியா இருந்தாலோ கத்தி ஆழமாப் போயிருச்சு. அதை வாங்காதீங்க.

கத்தி ஏன் ஆழமாப் போகுது? ஒரு சுத்து வழிச்சதும் அடுத்த தோல் வேகக் குறைஞ்சது அஞ்சாறு நிமிஷம் வேணும். ராத்திரி ஏழரைக்குப் பத்து பேர் வரிசையில நின்னா அந்த அஞ்சு நிமிஷம் கடைக்காரருக்குக் கிடையாது. ஒழுங்கான கடையில வழிச்ச கறியைத் திரும்ப ஒரு தட்டைக்கல்லுல போட்டு ரெண்டு நிமிஷம் புரட்டுவாங்க. கோழிக்கு உள்சூடு 74 டிகிரி தொடணும், அதுக்கு இந்த ரெண்டாவது கல் காப்பு. கம்பிக்குப் பக்கத்துல அந்தக் கல் இல்லாத கடையில கூட்ட நேரத்துல வாங்கவே வேண்டாம்.

கூட்டம் இல்லாத நேரம் வேற ஆபத்து. பர்னரை அணைச்சு, ஆள் வந்தா மறுபடி பத்த வைப்பாங்க. வெளித்தோல் சுடும், நடுப்பகுதி மணிக்கணக்கா வெதுவெதுப்பா நிக்கும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவுல கிருமி பெருகும், அது ரெண்டும் கெட்டான் சூடு. 2023 செப்டம்பர்ல பக்கத்து நாமக்கல்ல ஷவர்மா சாப்பிட்ட 14 வயசுப் பொண்ணு இறந்தப்புறம் எல்லா ஊர்லயும் சோதனை நடந்தது நினைவிருக்கும். கம்பி விஷயத்துல யீரோஸுக்குத் தனிச் சலுகை எதுவும் கிடையாது.

அதனால கம்பியோட அளவு பெரிய விஷயம். 5 கிலோ பச்சைக்கறி அடுக்கினா வெந்து வடிஞ்சு மூணே கால், மூணரை கிலோ தேறும். ஒரு பிட்டாவுக்கு 110 கிராம் வெச்சா சுமார் 30 பேருக்கு. ஒரு சாயங்காலம் 30 பிட்டா விக்கிற கடை 5 கிலோவுக்கு மேல அடுக்கக்கூடாது. வாசல்ல ஆளே இல்ல, ஆனா கம்பியில ஆள் உயரத்துக்குக் கறி நிக்குதுன்னா மிச்சம் நாளைக்கும் வரும்னு புரிஞ்சுக்குங்க. பெரிய கம்பியைப் பார்த்து மயங்குறது நம்ம ஆளுங்க வழக்கம். எனக்குச் சின்னக் கம்பி வெச்ச கடை மேலதான் நம்பிக்கை.

தட்டுவடைசெட்

புரட்டாசியில?

கல்லும்கரண்டியும்

நல்ல கேள்வி. புரட்டாசியில கறி வியாபாரம் பாதியாகும், கம்பி மட்டும் அதே உயரத்துல நிக்கும். அந்த மாசம் யீரோஸ் வேண்டாம், சுவ்லாக்கி வாங்குங்க. ஆர்டர் வந்தப்புறம் குச்சியில இருக்கிற துண்டைச் சுட்டுத் தர்றது, நிக்கிற சரக்கு இல்ல. மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்குப் பகல் பூரா கரண்ட் நிறுத்துற நாள் சாயங்காலமும் இதே கணக்கு: ஜெனரேட்டர் இல்லாத கடையில ஊறவெச்ச கறி எந்தச் சூட்டுல கிடந்ததுன்னு யாருக்கும் தெரியாது.

மட்டுறுத்துநர்

இழையில் கடைப் பெயர் போட்டுக் குறை எழுதிய இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறோம். புகார் இருந்தால் பில்லோடு உணவுப் பாதுகாப்புத் துறைக்கு அனுப்புங்கள். கடையில் 14 இலக்க உரிம எண் மாட்டியிருக்க வேண்டும். அதையும் சேர்த்துக் குறிப்பிடுங்கள்.

வெள்ளிக்கொலுசு

ஒரு மஞ்சள் சாஸ் தர்றாங்களே, அது என்னங்க? ட்சாட்சிகி மாதிரித் தெரியல.

மோர்_மிளகாய்

அது கடுகும் மயோனைஸும் கலந்தது. கிரீஸிலும் உண்டு, கோழி யீரோஸுக்கு ட்சாட்சிகிக்குப் பதிலாக அதை ஊற்றுகிற கடைகள் நிறைய. வடக்கே தெசலோனிக்கியில் கடுகும் கெச்சப்பும் சகஜம். ஆக, அது போலி அல்ல. ஆனால் தமிழ்நாட்டில் பச்சை முட்டையில் அடித்த மயோனைஸுக்கு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை போட்டார்கள். காரணம் சால்மோனெல்லா போன்ற கிருமிகள். "முட்டை சேர்க்காத மயோனைஸா, டப்பாவைக் காட்டுங்கள்" என்று கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. கடையிலேயே அடித்தது என்று பெருமையாகச் சொன்னால் ட்சாட்சிகி மட்டும் போதும் என்று சொல்லிவிடுங்கள்.

பூண்டு எண்ணெய் பாட்டில் வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். பச்சைப் பூண்டை எண்ணெயில் மூழ்கப் போட்டு வெளியில் வைத்தால் காற்றில்லாத இடத்தில் வளரும் பொட்டுலினம் கிருமிக்கு அது நல்ல இடம். குளிரில் வைத்தாலும் நான்கு நாளுக்கு மேல் கூடாது.

சேர்வராயன்75

பார்சல் கேள்விக்கு மலையிலிருந்து பதில். சேலத்தில் சுருட்டிக் கட்டினதை ஏற்காடு கொண்டு வந்தால் 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிக்க ஒரு மணி நேரம். பொட்டலத்தைப் பிரித்தால் உள்ளே கூழ்.

ஊறுவதற்குக் காரணம் சாஸ் மட்டுமில்லை, ஆவி. சூடான கறியை அலுமினியத் தாளில் இறுக்கிச் சுற்றினால் ஆவி வெளியே போக வழியில்லாமல் ரொட்டியிலேயே படியும். ஃபிரைஸும் சேர்ந்து நமுத்துப்போகும். கிரீஸில் பட்டர் பேப்பரில் கூம்பாகச் சுற்றி மேலே திறந்தே விடுவதன் காரணம் அதுதான். கடையில் இப்படிச் சொல்லுங்கள்: பிட்டா தனியாக, துணியிலோ காகிதத்திலோ, கறி தனி டப்பா, ட்சாட்சிகி, தக்காளி, வெங்காயம் குளிர்ச்சியாகத் தனி டப்பா, ஃபிரைஸ் மூடாத காகிதப் பையில். வீட்டில் தோசைக்கல்லைக் காயவைத்துக் கறியை ஆவி பறக்கச் சுட வையுங்கள், வெதுவெதுப்பு போதாது. பிட்டாவில் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, எண்ணெய் தடவி, பக்கத்துக்கு 30 விநாடி. கறி வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் சூடு பண்ணிப் பயனில்லை.

மலையில் பிட்டா மாவு பிசைகிறவர்களுக்கு: கீழே ஒரு மணி நேரத்தில் இரட்டிப்பாகிற மாவு இங்கே பனிக்காலத்தில் இரண்டரை மணி நேரம் எடுக்கும். ஈஸ்ட்டைக் கூட்டாதீர்கள், புளித்த வாடை வரும். மாவுப் பாத்திரத்தை அணைத்த ஓவனுக்குள் வைத்து, பக்கத்தில் ஒரு கிண்ணம் வெந்நீர் வைத்து மூடுங்கள்.

வெள்ளிக்கொலுசு

பிட்டா அளவு யாராவது போடுங்களேன். கறியும் வீட்டுல செய்யற மாதிரி.

கல்லும்கரண்டியும்

பிட்டா, 8 எண்ணத்துக்கு: மைதா 500 கிராம், தண்ணி அல்லது தயிர்நீர் 310 மில்லி, உடனடி ஈஸ்ட் 5 கிராம், சர்க்கரை 5, உப்பு 9, எண்ணெய் 25. பத்து நிமிஷம் பிசைஞ்சு, ஒரு மணி நேரம் விட்டு, சுமார் 105 கிராம் உருண்டையா எட்டு பிரிச்சு, 15 நிமிஷம் மூடி வைங்க. இந்த 15 நிமிஷத்தை விட்டா தேய்க்கத் தேய்க்க மாவு சுருங்கி உள்ள இழுக்கும். 18 சென்டிமீட்டர் வட்டம். தேய்ச்சதும் முள்கரண்டியால பூரா குத்துங்க, இல்லைன்னா குபூஸ் மாதிரி உப்பிடும். கனமான கல்லு நல்லாக் காயணும். பக்கத்துக்கு ஒண்ணே கால் நிமிஷம். எடுத்ததும் துணிக்குள்ள அடுக்கிடுங்க.

சுருட்டுறப்போ விரிசல் விடுதுன்னா கல் சூடு பத்தல. மெதுவா வேகுறப்போ ஈரம் பூரா போயிடும். எரியிற தீயில சீக்கிரம் எடுக்கணும். பரோட்டாவுக்குப் பழகின கை உள்ளவங்க மெல்லிசா இழுத்திடுவாங்க, அதுவும் விரிசல்தான்.

கறி: எலும்பில்லாத தொடைக்கறி 1 கிலோ, உப்பு 14 கிராம், வினிகர் 2 மேசைக்கரண்டி, எண்ணெய் 3, பூண்டு 5 பல், காய்ஞ்ச ஒரிகனோ 2 டீஸ்பூன், காஷ்மீர் மிளகாய்த்தூள் 2, மிளகு 1. குளிர்ல 4 மணியிலிருந்து 12 மணி நேரம். அதுக்கு மேல போனா வினிகர் கறியை மாவாக்கிடும். ஓவன் இருந்தா ரொட்டி அச்சுல அடுக்கடுக்கா அழுத்தி 180 டிகிரியில ஒரு மணி நேரம், நடுவுல குத்தி அளந்தா 74 காட்டணும். மேல கனமா ஏதாவது வெச்சு 15 நிமிஷம் அழுத்திட்டு மெல்லிசா சீவி, காய்ஞ்ச கல்லுல ஒரு பக்கம் மட்டும் முறுக விடுங்க. ரெண்டு பக்கமும் முறுக விட்டா கருவாடு. ஓவன் இல்லைன்னா தொடைத்துண்டை முழுசாக் கல்லுல பக்கத்துக்கு 6 நிமிஷம் வேகவெச்சு, சீவி, திரும்பக் கல்லுல. ஒரு தடவையில கால் கிலோவுக்கு மேல போடாதீங்க. கல் ஆறி, கறி தண்ணி விட்டு, வறுக்கறதுக்குப் பதிலா வேகும்.

சுருட்டுற வரிசை: பிட்டா, ட்சாட்சிகி 40 கிராம், கறி, மேல தக்காளி (விதை வழிச்சது), மெல்லிசா வெங்காயம், ஃபிரைஸ் அஞ்சாறு, ஒரு சிட்டிகை உப்பும் பாப்ரிகாவும். தக்காளி ரொட்டியைத் தொடக்கூடாது.

தட்டுவடைசெட்

ஃபிரைஸ் உள்ள வெச்சதும் தொளதொளன்னு ஆகுது. அதுக்கும் மருந்து சொல்லுங்கண்ணா.

கல்லும்கரண்டியும்

1 சென்டிமீட்டர் கனம், தண்ணியில அரை மணி ஊறல், துணியில நல்லாத் துடைப்பு. முதல்ல 150 டிகிரியில 5 நிமிஷம், நிறம் மாறாம. ஆற வெச்சு, ஆர்டர் வந்ததும் 185ல 2 நிமிஷம். குளிர்சாதனக் கிடங்குல கிடந்த கிழங்குல மாவு சர்க்கரையா மாறியிருக்கும், உள்ள வேகறதுக்குள்ள வெளியே கருகும். பொரிக்கறதுக்கு முன்னாடி ஒரு வாரம் வெளியில போட்டு வெச்சா ஓரளவு சரியாகும்.

லீபஜார்

சுவ்லாக்கியை யாரும் தொடலையே. நம்ம மாவட்டத்துக்குன்னே மேச்சேரிச் செம்மறி இருக்கு. இளங்குட்டித் தொடைக்கறியை 2 சென்டிமீட்டர் சதுரமா வெட்டி, எண்ணெய், ஒரிகனோ, பூண்டு, மிளகுல மட்டும் ஊறவெச்சுச் சுட்டா அருமையா வரும். கறியைச் சுட்டு முடிச்சப்புறம் எலுமிச்சை பிழியுங்க. வெள்ளாட்டுக்கறி இந்த முறைக்கு ஒத்துவராது, ரப்பர் ஆயிடும். மூங்கில் குச்சியை அரை மணி தண்ணியில போடணும். துண்டுகளை நெருக்கிக் குத்தாதீங்க, ஒட்டுற பக்கம் வேகாது. தணல் மேல சாம்பல் பூத்தப்புறம்தான் குச்சி போகணும், கொழுந்து விட்டு எரியிறப்போ இல்ல.

வெள்ளிக்கொலுசு

நாலாவது கேள்வி அப்படியே நிக்குது. சைவம்?

மோர்_மிளகாய்

மெனுவில் ஃபலாஃபெல் என்று இருந்தால் அது கிரேக்கப் பண்டம் அல்ல, அரபு நாட்டுச் சரக்கு. கிரேக்கத்தில் அதற்கு ஈடானது ரெவிதோகெஃப்தேதெஸ் என்ற கொண்டைக்கடலை உருண்டை. வெள்ளைக் கடலை 250 கிராம் 12 மணி நேரம் ஊறவைத்து, தண்ணீர் விடாமல் மசால்வடைப் பதத்தில் கொரகொரப்பாக அரைத்து, வெங்காயம், புதினா, ஒரிகனோ, உப்பு, மைதா 2 மேசைக்கரண்டி சேர்த்துத் தட்டிப் பொரிக்கலாம். எண்ணெயில் உதிர்ந்தால் கடலையில் ஈரம் அதிகம். வடிகட்டி ஒரு மணி நேரம் துணியில் பரப்பியிருக்க வேண்டும்.

பனீர் யீரோஸ் நம் ஊர்க் கண்டுபிடிப்பு. பனீர் சூட்டில் உருகி வழியாது. கம்பியில் குத்தினால் காய்ந்து வெடிக்கும். கல்லில் சுட்டுத் தரச் சொல்லுங்கள். அரை மணி உப்புத்தண்ணீரில் ஊறிய பனீர் என்றால் உள்ளேயும் உப்பு இருக்கும். இல்லையென்றால் சாஸ்தான் சப்பைக்கட்டு.

சுத்த சைவர்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: பிட்டா சூடு பண்ணுகிற கல்லும் கறி புரட்டுகிற கல்லும் ஒன்றா? பெரும்பாலான சின்னக் கடைகளில் ஒன்றுதான், பொரிக்கிற எண்ணெயும் அப்படியே. சங்கடம் உள்ளவர்கள் தக்காளி, வெள்ளரி, வெங்காயம், ஆலிவ் போட்ட கிரேக்க சாலட் வாங்கலாம். அசல் சாலட்டில் முட்டைக்கோஸோ லெட்யூஸோ இருக்காது, ஃபெட்டா மேலே பாளமாகக் கிடக்கும். ஃபெட்டா விஷயத்தில் பச்சைப் புள்ளியைப் பார்க்க மறக்காதீர்கள்.

தட்டுவடைசெட்

ஒத்துக்கறேன், ஷவர்மா வேற, யீரோஸ் வேற. ஆனா குபூஸ்ல ட்சாட்சிகி வெச்சுக் குடுக்கிற அந்தக் கலப்படத்துக்கு ஒரு பேர் வைங்கப்பா. விலை மட்டும் யீரோஸ் விலை.

கல்லும்கரண்டியும்

பேர் எதுக்கு? பிட்டா இருக்கான்னு கேளு. இல்லைன்னா ஷவர்மாவையே வாங்கிக்க, விலையும் கம்மி.

சேர்வராயன்75

ஒரு சின்னத் திருத்தம்: ட்சாட்சிகியில் சதகுப்பை கிடைக்காவிட்டால் புதினா என்று மேலே இருக்கிறது. காய்ந்த புதினாவும் ஆகும், அரை டீஸ்பூன். கொத்தமல்லி மட்டும் வேண்டாம், போட்டால் பச்சடிதான்.